லாம்போக் கோயிலின் கிழக்குச் சுவர்

12 மார்ச் 1995, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து ஸ்னாப்பர் மீன் குழம்பு வைத்தேன். புளி கொஞ்சம் கூடிவிட்டது. அன்றூ ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். என் மனுசன் அப்படித்தான். குறை சொல்ல மாட்டார், ஆனால் தண்ணீர் குடிக்கிற விதத்தில் நான் கண்டுபிடித்துவிடுவேன்.

மகள் றெபேக்கா வந்திருந்தாள். கோப்பை கழுவிக்கொண்டு நின்றவள் திரும்பாமலே சொன்னாள், வழக்கம்போல இங்கிலீசில். ஒருவரைக் கலியாணம் செய்ய விரும்புகிறாளாம். பெயர் டானியல் லின். எல்லர்ஸ்லியில் ஒரு மருந்துக் கடையில் பார்மசிஸ்ற். பெயரைக் கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது. இவருக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

"லின் எண்டால்?"

"சைனீஸ், அப்பா."

இவர் எழும்பிப் போய்ப் புல்லு வெட்டுகிற மெசினை வெளியே இழுத்தார். பதினொரு வருடமாக இந்த நாட்டில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை இவர் புல்லு வெட்டி நான் கண்டதில்லை.

15 மார்ச்

இவரிடமிருந்து ஒரு கதை பேச்சு இல்லை. தேத்தண்ணி வைத்தால் குடிக்கிறார். அவ்வளவுதான்.

2 ஏப்ரல், ஞாயிறு

இன்று வாய் திறந்தார். அதுவும் என்னிடம், மகள் பக்கத்தில் இருக்கும்போதே, அவள் அங்கே இல்லாத மாதிரி.

"அவை என்ன வேதம் எண்டு கேட்டீரோ?"

றெபேக்கா தானே பதில் சொன்னாள். டானியலின் அப்பாவின் தாத்தா போதகராம். அமோய் என்ற துறைமுகத்துக்குக் கிட்ட, லாம்போ என்ற சின்ன ஊரில். அங்கே நூற்றிருபது வருடத்து வேதக்கோயில் இருக்கிறதாம்.

"சீனாவில எங்க கோயில்? அங்க எல்லாத்தையும் பூட்டிப்போட்டாங்களெல்லோ" என்றார் இவர்.

அவள் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போகும்போது அழுதாளோ? கண்ணாடியில் வெயில் பட்டதில் தெரியவில்லை.

நான் மட்டும் என்ன, பெரிய மனதுக்காரியா? தமிழ் ஆராதனைக்கு வருகிற பெண்கள் என்ன சொல்வார்கள் என்று நானும் யோசித்தேன்தான். பேரப்பிள்ளை என்னோடு எந்தப் பாசையில் கதைக்கும் என்று யோசித்தேன். பிறகு சிரிப்பு வந்தது. இவளே எனக்குத் தமிழிலா பதில் சொல்லுகிறாள்?

22 ஏப்ரல், சனி

இவரிடம் சொல்லாமல் போனேன். சொல்லாமல் என்றால், "மனுரேவாவுக்குப் போயிட்டு வாறன்" என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

லின் குடும்பத்துக்கு மனுரேவாவில் ஒரு டெயறி; மூலைக்கடையை இங்கே அப்படித்தான் சொல்லுவார்கள். பாண், பால், லொலி, பேப்பர். கடைக்குப் பின்னால்தான் வீடு. மிஸ்டர் லின் ஊரில் சங்கீத வாத்தியார், ஒல்லியான மனிதர். அவருடைய இங்கிலீசும் என்னுடையதும் நடுவழியில் சந்தித்துக்கொண்டன. மிஸஸ் லின்னுக்கு இங்கிலீசில் விலைகள் மட்டும்தான் தெரியும். என்னைக் கதிரையில் இருத்தி, இரண்டு கையாலும் தேநீர் தந்து, என் முகத்தையே பார்த்தபடி இருந்தா. றெபேக்காவின் மூக்கு எங்கிருந்து வந்தது என்று பார்க்கிறாவாம். மிஸ்டர் லின் அதை மொழிபெயர்த்துவிட்டு வெட்கப்பட்டார்.

சுவரில் அந்தக் கோயில். கறுப்பு வெள்ளைப் படம்.

கட்டடத்தின் படத்தைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. கந்தோரில் கட்டட வரைபடம் கீறித்தானே சம்பளம் வாங்குகிறேன். கிட்டப் போய்ப் பார்த்தேன். அடியில் கருங்கல். அதன் மேல் செங்கல் சுவர், வளைவான சன்னல்கள். முகப்பில் உருண்டையான நாலு கல் தூண், எங்கள் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிசன் கோயில்களில் இருக்கிற மாதிரியே. ஆனால் கூரைக்கு வந்ததும் ஆள் மாறிவிடுகிறது. ஓட்டு முகடு இரண்டு முனையிலும் மேலே வளைந்து, குருவி வால் மாதிரிப் பிளந்து நிற்கிறது. தூண் வெள்ளைக்காரனுடையது, கூரை ஊர்க்காரனுடையது. இரண்டும் ஒன்றோடு ஒன்று கோபித்துக்கொள்ளவில்லை.

"தூண் வேணும் எண்டு மிசனரி கேட்டாராம். கூரையை எங்கட மேசன்மார் தங்களுக்குத் தெரிஞ்ச மாதிரிப் போட்டினமாம்" என்று வீட்டுக்கு வந்து இவருக்குச் சொன்னேன்.

பேப்பரைத் திருப்பினார். ஆனால் "எங்கட மேசன்மார்" என்று நான் சொன்னதைக் கவனித்தார். புருவம் எழும்பியது.

7 மே, ஞாயிறு

கடைக்கு மறுபடி போனேன். மிஸ்டர் லின் சரித்திரம் சொன்னார். அமோய் நகரத்தில்தான் சீனாவின் முதல் புரட்டஸ்தாந்துக் கோயில் கட்டடம் எழுந்தது என்கிறார்கள். லாம்போக் கோயில் அதற்குக் கால் நூற்றாண்டு பிந்தியது, 1873. படகோட்டிகளும் உப்பு வியாபாரிகளும் சேர்ந்து மிசனிடம் கையேந்தாமல் கட்டினார்களாம். நடுவில் தலை உயரத்துக்கு மரத் தட்டி. ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். வாசலும் இரண்டு. போதகர் மட்டும் இரண்டு பக்கத்தையும் பார்ப்பார்.

அமோய்க்கு முதலில் ஆள் அனுப்பிய அமெரிக்கச் சங்கம் எது என்று கேட்டேன். பொஸ்ரனில் இருந்த சங்கமாம். 1816இல் யாழ்ப்பாணத்துக்கு ஆள் அனுப்பிய அதே சங்கம்!

இரவுச் சாப்பாட்டில் இதைச் சொன்னேன். இவர் கறியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அவையிட்ட மிசன் ஆக்கள் எந்த வருசம் வந்தவை?"

"நாப்பத்திரண்டு. ஆயிரத்தெண்ணூற்றி."

"எங்களுக்குப் பிறகுதான்."

அதில் ஒரு திருப்தி. சரி, அந்தத் திருப்தியாவது இருக்கட்டும்.

18 ஜூன், ஞாயிறு

மழை. மிஸ்டர் லின் போன் பண்ணினார். குரலே சரியில்லை.

லாம்போவில் ஆற்றங்கரை வீதியை அகலமாக்கப் போகிறார்களாம். கோயில் வீதியில் நிற்கிறது, உடைக்க வேண்டும் என்கிறார்கள். அவருடைய தம்பி அங்கே சபை மூப்பர். பழைய கட்டடம், சரித்திரம் உள்ளது என்று நகர அலுவலகத்தில் மன்றாடியிருக்கிறார். "அப்படியானால் கட்டடத்தின் வரைபடத்தையும் சரித்திரத்தையும் வருட முடிவுக்குள் கொண்டு வாருங்கள்" என்றார்களாம். வரைபடம் எங்கே இருக்கிறது? கோயிலைப் பூட்டிய வருடம் முற்றத்தில் போட்டு எரித்த கடதாசிகளோடு போய்விட்டது.

"நீங்கள் கீறுவீர்களா?" என்று அவர் கேட்கவில்லை. அந்த மனிதர் கேட்க மாட்டார். நான்தான் சொன்னேன்: "அளந்து அனுப்பச் சொல்லுங்கள், நான் கீறுகிறேன்."

போனை வைத்த பிறகுதான் இவரைப் பார்த்தேன். சுவருக்குப் பின்னால் நின்றிருக்கிறார்.

"காணாத கட்டடத்தை எப்படிக் கீறுவீர்?"

"நாங்கள் காணாத கடவுளைக் கும்பிடேல்லையே?"

நல்லாய்ச் சொன்னேன் என்று எனக்கே ஒரு சந்தோசப் புளுகம்.

16 ஜூலை

அளவுகள் வந்துவிட்டன, என் கந்தோர் ஃபக்ஸ் மெசினில். சீனத்தில் இருந்ததை டானியல் இங்கிலீசில் எழுதித் தந்தான். முதல் தடவையாக எங்கள் வாசலுக்கு வந்தான். வாசலோடு நின்றுவிட்டான். இவர் கராஜுக்குள் இருந்தார், வரவில்லை. "பரவாயில்லை, அன்ரி" என்றான். எனக்குப் பரவாயில்லையாக இல்லை. ஒரு டப்பாவில் முறுக்குப் போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

23 ஜூலை, ஞாயிறு

இதை எழுதியே ஆக வேண்டும். சிரித்துக்கொண்டே எழுதுகிறேன்.

சாப்பாட்டு மேசையில் கடதாசியை விரித்து வெளிச்சுவர்களைக் கீறிக்கொண்டிருந்தேன். நாலாவது சுவர் போய்ச் சேரவில்லை. அழித்தேன், திரும்பக் கீறினேன். இவர் தண்ணீர் குடிக்க வந்தார். பிறகு தேத்தண்ணி போட. பிறகு மூக்குக் கண்ணாடி தேட — கண்ணாடி மூக்கிலேயே இருந்தது.

கடைசியில் தாங்க முடியவில்லை.

"மூலைவிட்டம் ரெண்டும் தந்திருக்கினமோ?"

"தந்திருக்கினம். ஒண்டு கூட, ஒண்டு குறைய."

"எவ்வளவு?"

சொன்னேன். மனிதர் கதிரையை இழுத்து உட்கார்ந்துவிட்டார். இருபத்தைந்து வருடம் யாழ்ப்பாணத்தில் நில அளவையாளராக இருந்தவர். சங்கிலியைப் பிடித்து ஒரு காணியைச் சுற்றி வந்தால், புறப்பட்ட இடத்துக்கே அளவு வந்து சேர வேண்டும். சேராவிட்டால் இவருக்கு நித்திரை வராது. என்னோடு கோபம், மகளோடு கோபம், சீனாவோடு கோபம், எல்லாம் சரி. ஆனால் அளவு சேராமல் இருக்கலாமோ?

"பிழையா அளந்திருக்கினம். நாடா தொய்ஞ்சிருக்கும். திரும்ப அளக்கச் சொல்லும்."

"நீங்களே சொல்லுங்கோவன்" என்று போன் நம்பரை நீட்டினேன்.

13 ஆகஸ்ட்

திரும்ப அளந்தார்கள். அதே அளவு. இவர் மிஸ்டர் லின்னுக்குத் தானே போன் எடுத்தார் — முதல் தடவை! வணக்கம் இல்லை, சுகமா இல்லை. நேரே கிழக்குச் சுவர். லின்னும் விடவில்லை. தன் தம்பி கணித வாத்தியார், அவன் பிழைவிட மாட்டான் என்றாராம். இரண்டு வயதான ஆண்கள் பிள்ளைகளின் கலியாணத்தைப் பற்றி ஒரு சொல் கதைக்காமல், ஒரு சுவரைப் பற்றி முழு நேரமும் சண்டை பிடித்தார்கள்.

27 ஆகஸ்ட், ஞாயிறு

விடை வந்தது. அளவு பிழையில்லை. சுவர்தான் கோணல்.

மிஸ்டர் லின் நேரே வந்து சொன்னார். வாசலில் நிற்கவில்லை, உள்ளே வந்து மேசையில் என் கீறலின் மேல் விரலை வைத்தார். கோயிலுக்குக் கிழக்கே வேறொரு குலத்தாரின் முன்னோர் மண்டபம். அதன் மூலையில் ஊர்க் கிணறு. கோயிலை நேராகக் கட்டியிருந்தால் கிணற்றுக்குப் போகிற ஒழுங்கை அடைபட்டிருக்கும். கோயிலுக்கு அந்த நிலம் சொந்தம்தான், உறுதிப் பத்திரமும் இருந்தது. ஆனாலும் தண்ணீர் அள்ளுகிற பெண்கள் காவுதடியோடு திரும்ப இடம் வேண்டும் என்று, சபை கூடிப் பேசி, சுவரைக் கோணலாகக் கட்டியிருக்கிறார்கள். ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியுமாம். தெரிந்ததாலேயே யாரும் சொல்ல நினைக்கவில்லை.

இவர் அந்தக் கோணல் கோட்டின் மேல் விரலை ஓட்டினார். ஏன் என்று லின்னுக்கு விளங்காது, எனக்கு விளங்கும். இவர் வாழ்க்கையில் பாதி வேலிச் சண்டையில் போனது. வேலியில் ஒரு பூவரசங் கதியால் தடியை அரை அடி தள்ளி நட்டதற்குச் சகோதரங்கள் கோடேறி வழக்காடின காணிகளை அளந்தவர். அளக்கப் போன இடத்தில் கத்தியைக் கண்டவர்.

"தங்கட காணிக்குள்ள?" என்று இங்கிலீசில் கேட்டார். "உறுதி இருக்கத்தக்கதாகவோ?"

"ஆம்."

"ஒருதரும் வழக்குப் போடாமல்?"

"வழக்கா? எதற்கு?"

இவர் எழும்பினார். நான் பயந்தேன். குசினிக்குள் போய்த் தானே தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். சீனி கூட.

23 செப்ரெம்பர், சனி

இப்போது சனிக்கிழமை பின்னேரங்களில் லின் ஆட்கள் இங்கே வருகிறார்கள். கடையை டானியலும் றெபேக்காவும் பார்க்கிறார்கள். நான் கீற, இவர் அளவு சொல்ல, மிஸஸ் லின் என் தோளுக்கு மேலால் பார்த்து, பிழை என்றால் என் கையில் மெல்லத் தட்டுவா.

இன்று உள்பக்கம் கீறினோம். பிரசங்க மேடை எவ்வளவு உயரம் என்று யாருக்கும் தெரியவில்லை, 66இல், கோயிலைப் பூட்டியபோது எடுத்துவிட்டார்களாம். மிஸஸ் லின் எழுந்து நின்று தன் நெஞ்சடியைக் காட்டினா. அதோடு ஒரு கதையும் சொன்னா. மிஸ்டர் லின் மொழிபெயர்த்தார். கோயிலைப் பூட்டிய பிறகு அதைக் கடதாசிப் பெட்டி செய்கிற தொழிற்சாலை ஆக்கினார்கள். வேலைக்கு ஆள் எடுத்தபோது இவவையும் போட்டார்கள். மேடை இருந்த இடத்தில் பசை காய்ச்சுகிற அடுப்பு. கூரையின் மர உத்திரங்களைப் பார்த்தபடி பெட்டி மடித்திருக்கிறா, வருடக்கணக்காக.

"மற்றவர்கள் கோயிலுக்குப் போக முடியவில்லை என்று அழுதார்கள். நான் கிழமைக்கு ஆறு நாள் போனேன்" என்றா.

சொல்லிவிட்டுச் சிரித்தா. நான் சிரிக்க வெளிக்கிட்டு அழுதுவிட்டேன். அவ என் கண்ணைத் தன் சட்டைக் கையால் துடைத்தா. இந்த மனுசியையா நான் தமிழ் ஆராதனைப் பெண்களுக்குப் பயந்து தள்ளி வைக்கப் பார்த்தேன்?

1 நவம்பர், புதன்

ஆமி வருதெண்டு யாழ்ப்பாணம் முழுக்க வெளிக்கிட்டுதாம். ஒரே இரவில. சனம் எல்லாம் பாலத்தால, மழைக்குள்ள. இவற்ற அக்கா யோகராணி எங்க? அறுபத்தெட்டு வயசு, முழங்கால் ஏலாது. ஆர் கூட்டிக்கொண்டு போயிருப்பினம்? கொழும்புக்கு அடிச்சுப் பாத்தாச்சு, ஒருதருக்கும் தெரியேல்லை. ரேடியோவில ஒண்டும் இல்லை. கடவுளே.

4 நவம்பர், சனி

ஒரு செய்தியும் இல்லை.

இன்று வரவேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டேன். லின் ஆட்கள் வந்துவிட்டார்கள், நடந்ததை றெபேக்கா சொல்லியிருக்கிறாள். கஞ்சியும் அவித்த முட்டையும் கொண்டு வந்தார்கள். இவர் அறைக்குள் கட்டிலில் இருந்தார். மிஸ்டர் லின் போய்ப் பக்கத்தில் இருந்தார். தங்கள் பாசையில் மெதுவாகப் பாடத் தொடங்கினார். இராகம் எங்களுக்குத் தெரிந்த ஞானப்பாட்டின் இராகம். நான் கதவுக்கு வெளியே கேட்டுக்கொண்டு நின்றேன். இரண்டாம் அடியில் இவரும் சேர்ந்தார், தமிழில்.

பிறகு இவர் சொன்னது: "எங்கட கோயிலை நான் ஒருநாளும் அளக்கேல்லை, லின். ஊரெல்லாம் அளந்தன்."

13 நவம்பர்

அக்கா கிடைத்துவிட்டா! கிளிநொச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில். பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளில் இருத்தித் தள்ளிக்கொண்டு போனார்களாம். கொழும்பிலிருந்து செய்தி. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். வேறு ஒன்றும் எழுத வரவில்லை.

10 டிசெம்பர், ஞாயிறு

வரைபடம் முடிந்தது. ஏழு தாள். நிலப்படம், நாலு முகம், குறுக்குவெட்டு, கூரைச் சட்டம். நிலப்படத்தில் கிழக்குச் சுவரைக் கோணலாகவே கீறி, ஏன் கோணல் என்பதை மிஸ்டர் லின் பக்கத்தில் சீனத்தில் எழுதினார். கீழே ஸ்ரெல்லா என்று என் பெயர். அதற்குக் கீழே "அளவு சரிபார்த்தவர்" என்று இவருடைய கையெழுத்து. நான் கேட்கவில்லை, தானாகப் போட்டார்.

17 டிசெம்பர்

றெபேக்காவும் டானியலும் சாப்பிட வந்தார்கள். இவர் டானியலுக்கு இறால் கறியைத் தள்ளிவிட்டு, "உறைக்குமோ?" என்று கேட்டார். அவனுக்கு முகம் சிவந்து மூக்கால் தண்ணீர் ஓடியது. "இல்லை, அங்கிள்" என்றான்.

"பொய் சொல்லுறான்" என்றார் இவர் என்னிடம் தமிழில். "நல்ல பொடியன்."

பிறகு மகளைப் பார்த்து: "கோயில்ல நாள் கேட்டனியோ?"

அவள் தமிழில் சொன்னாள்: "இன்னும் இல்லை, அப்பா."

18 பெப்ரவரி 1996

லாம்போவிலிருந்து முடிவு வந்துவிட்டது. கோயில் நிற்கும். முகப்பு மண்டபம் போகும், அந்த நாலு தூணும். வீதிக்கு அவ்வளவு இடமாவது வேண்டுமாம்.

பாதி வெற்றி என்கிறார் மிஸ்டர் லின். அவருடைய அம்மா அந்தத் தூணடியில்தான் செருப்புக் கழற்றுவாவாம். மிஸஸ் லின் கொஞ்ச நேரம் முகத்தை மூடிக்கொண்டிருந்தா. பிறகு கேட்டா: மேடை இருந்த இடம்? அது அப்படியே இருக்கிறது. கிணற்றடி ஒழுங்கை? இருக்கிறது. "அப்போ சரி" என்று கடைக்கு எழுந்து போய்விட்டா, பால் லொறி வந்து நின்றது.

எனக்கு மனம் ஆறவில்லை. தூண் இல்லாமல் எப்படி முகம் இருக்கும்? புது முன்சுவர் ஒன்று வேண்டும். அதைக் கீறித் தர முடியுமா என்று லின்னின் தம்பியார் கேட்டிருக்கிறார். முடியும். நாளைக்கே தொடங்குவேன்.

9 ஜூன், ஞாயிறு

புது முன்சுவர் எழும்புகிறதாம். தூண்களை உடைக்காமல் கழற்றி முற்றத்தில் கிடத்தியிருக்கிறார்கள். பிள்ளைகள் ஏறி ஓடி விளையாடுகிறார்கள்.

மிஸஸ் லின்னிடம் மீன் பந்து செய்யப் பழகுகிறேன். வரவில்லை. என் கைக்கு எல்லாம் வடையாகத்தான் வருகிறது.

11 ஆகஸ்ட், ஞாயிறு

கலியாணத்துக்கு இன்னும் ஆறு கிழமை. லின் ஆட்கள் இங்கே இருந்தார்கள், யார் எந்தப் பாட்டு என்று கதைத்துக்கொண்டிருந்தோம். போன் அடித்தது. யோகராணி அக்கா! போன கிழமைதான் கொழும்புக்கு வந்து சேர்ந்தாவாம். இவர் நின்றபடியே அழுதார். நான் காதைக் கிட்ட வைத்துக்கொண்டேன்.

முழங்காலைக் கேட்டு, சாப்பாட்டைக் கேட்டு, எல்லாம் முடிந்தது.

"பிள்ளைக்குக் கலியாணமாம், கேள்விப்பட்டன். கடிதத்திலயும் நீ ஒண்டும் சொல்லேல்லை, தம்பி. பொடியன் எந்த ஊர்?"

இவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"லாம்போ."

"அதெங்க, மன்னார்ப் பக்கமோ?"

"இல்லை அக்கா… கொஞ்சம் தள்ளி."

எனக்கு அடக்க முடியவில்லை, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன். இவரும் சிரிக்கத் தொடங்கி, பிறகு நேராக நின்று சொன்னார்: "சீனா, அக்கா. பொடியன் சீனன். தகப்பன் என்ர சிநேகிதன்."

போன் வெட்டுப்பட்டுவிட்டதோ என்று நினைத்தேன்.

"கோயிலுக்குப் போற ஆக்களோ?"

"ஓம். நூற்றிருபது வருசத்துக் கோயில். ஸ்ரெல்லாதான் கீறினவ. நான் அளவு பாத்தனான்."

"அப்ப இவ்வளவு நாளும் ஏன் ஒளிச்சனி? நான் பள்ளிக்கூடத்து நிலத்தில முன்பின் தெரியாத, திருநீறு பூசுற ஒரு மனுசியின்ர போர்வைக்குள்ள படுத்து எழும்பி வந்திருக்கிறன். பொடியன் சீனன் எண்டு எனக்கு நீ பயந்து பயந்து சொல்லுறாய். படம் ஒண்டு அனுப்பு."

"பொடியன்ர படமோ, கோயிலின்ர படமோ?"

"ரெண்டையும் அனுப்படா."